கருப்பசாமி விளைவு

1

ஞாயிற்றுக்கிழமை பகல் சாப்பாடு முடிந்து நான் பாத்திரம் கழுவுகிற நேரத்துக்கு வீட்டுத் தொலைபேசி ஒரே ஒருமுறை அடித்து நின்றுவிடும். தாயில்பட்டியிலிருந்து என் கொழுந்தன் தங்கராசு கொடுக்கிற மிஸ்டு கால் அது. உடனே நான் ஆசியக் கடையில் வாங்கிய தொலைபேசி அட்டையைச் சுரண்டி, அதில் உள்ள நீளமான எண்ணையும் அவர் எண்ணையும் அழுத்தித் திருப்பிக் கூப்பிட வேண்டும். அவருடைய புதுக் கைப்பேசிக்கு வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காது. தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய் நின்றுகொண்டுதான் பேசுவார். பின்னால் பஸ் ஹாரன் கேட்கும், ஆடு கத்தும். சில நாள் அவர் பேச்சைவிட அந்தச் சத்தத்தைத்தான் நான் அதிகம் கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஜெர்மனியில், ரைன் நதிக்கரையில் உள்ள இந்தப் பல்கலைக்கழக ஊரில், வாரத்தில் என்னைத் தேடி வருகிற ஒரே தமிழ்க்குரல் அதுதான். என் கணவர் முருகேசன் இங்கே காந்தவியல் பேராசிரியராக இருந்தார். அவர் போய் ஒரு வருஷம் ஆகிறது. தனிமையைப் பற்றி அழகழகாக எழுதுகிறவர்களைப் படித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஒருத்திக்காக ரசம் வைத்து, அதில் பாதியை மறுநாளும் சுடவைத்துக் குடிக்கிறவளுக்கு அதில் ஒரு அழகும் தெரியவில்லை.

திதிக்கு இன்னும் கொஞ்ச நாள் இருக்கும்போது வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, தங்கராசு வழக்கத்தைவிட உற்சாகமாக இருந்தார். விருதுநகரில் அண்ணன் படித்த கல்லூரியில் இயற்பியல் ஆய்வகத்துக்குப் புதுக் கட்டடம் எழும்பியிருக்கிறதாம். பழைய மாணவர்கள் சேர்ந்து அதற்கு அவர் பெயரை வைக்கப் போகிறார்களாம். வாசலில் பதிக்கிற கருங்கல்லில் என்ன வாசகம் போடுவது என்று குடும்பத்தைக் கேட்டிருக்கிறார்கள். தங்கராசு, ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரைப் பிடித்து எழுதி வாங்கிவிட்டார். கல் வெட்டுகிறவரிடம் கொடுப்பதற்கு முன் என் காதில் போட்டுவிடலாம் என்று வாசித்துக் காட்டினார்.

‘தாயில்பட்டி தந்த தவப்புதல்வர், காந்தவியலில் கருப்பசாமி விளைவைக் கண்டறிந்து உலகப்புகழ் பெற்ற விஞ்ஞானி, பேராசிரியர் க. முருகேசன்.’

“எப்பிடி இருக்கு மதினி?” என்றார்.

நான் திதிக்கு அய்யர் கிடைத்தாரா என்று பேச்சை மாற்றி, சீக்கிரமே வைத்துவிட்டேன். கருப்பசாமி விளைவு என்று ஒன்று உலகத்தில் கிடையாது. இருப்பதாகக் கொஞ்ச காலம் என் கணவர் நம்பினார். இல்லை என்று உலகத்துக்கு எழுதி அறிவித்தவரும் அவரேதான். அந்த இரண்டாவது சேதி மட்டும் தாயில்பட்டிக்குப் போய்ச் சேரவில்லை.

2

கருப்பசாமி என்பது என் மாமனார் பெயர். காடுகரைகளில் கூலி வேலை பார்த்தவர், பிறகு பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கப் போனார். மதுரையைத் தாண்டி எங்கும் போனதில்லை. மகன் பாஸ்போர்ட் எடுத்தபோது குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. நமக்கு ஏது குடும்பப் பெயர்? முன்னால் இருந்த ‘க’வை விரித்து எழுதிவிட்டார். அன்றோடு முருகேசன் என்ற பெயர் வீட்டுக்குள் மட்டும் என்றாகிவிட்டது. பல்கலைக்கழகத்தில் அவர் பேராசிரியர் கருப்பசாமி. கட்டுரைகளிலும் கருப்பசாமி.

நானும் தப்பவில்லை. மாமனார் பெயரை வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்று வளர்க்கப்பட்டவள் நான். இங்கே பல் டாக்டரிடம் போனால் நர்ஸ் வெளியே வந்து, என் கணவர் பெயரைக் கொண்டு ‘ஃப்ராவ் கருப்பசாமி’, அதாவது திருமதி கருப்பசாமி என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கூப்பிடுவாள். முதல் சில வருஷங்கள் என்னை அறியாமல் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு எழுந்திருப்பேன். லீவில் ஊருக்குப் போனபோது இதை மாமனாரிடம் சொன்னேன். இருமல் வரும்வரை சிரித்தார். “ஏத்தா, கம்பெனி நோட்டுல கூட என்னைய வெறும் கருப்பன்னுதான் போட்டிருக்கான். அந்தச் சீமையில முளுசாக் கூப்பிடுதாகளா?” என்றார். அந்தச் சந்தோஷத்தை நான் பார்த்திருக்கிறேன். தங்கராசும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

என் கணவர் இறந்த பிறகு இந்தப் பெயரே எனக்கு வில்லங்கமாக வந்தது. அவர் பாஸ்போர்ட்டில் முருகேசன் கருப்பசாமி, என்னுடையதில் சரஸ்வதி முருகேசன். ஓய்வூதிய அலுவலகத்தில் இருந்த பெண், செத்துப்போனது திரு. முருகேசனா திரு. கருப்பசாமியா என்று கேட்டாள். கருப்பசாமி என் மாமனார் என்று சொல்லப்போய், பதற்றத்தில் ஜெர்மன் வார்த்தை மாறி, கருப்பசாமி என் மருமகன் என்று சொல்லித் தொலைத்தேன். அவள் அதை அப்படியே எழுதிக்கொண்டாள். அதைச் சரிசெய்யக் குளிர்காலம் முழுக்க அலைந்தேன். தூதரகம், நோட்டரி, மொழிபெயர்ப்பாளர் என்று ஒவ்வொரு வாசலிலும் என் புருஷன் என் புருஷன்தான் என்று நிரூபித்தேன். அலைச்சல் முடிந்த அன்று நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தேன். மறுநாள் போக ஒரு இடமும் இல்லாமல் போய்விட்டது.

3

அவர் என்ன வேலை பார்த்தார் என்று ஊரில் கேட்டால், காந்தத்தில் ஆராய்ச்சி என்பார்கள். அதற்கு மேல் எனக்கும் பாதிதான் தெரியும். நான் விருதுநகர் வத்தல் மண்டியில் எடை போடுகிறவரின் மகள். என் கணவர் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்ததில் என் மண்டையில் ஏறியது இவ்வளவுதான். கரண்டு டிரான்ஸ்ஃபார்மருக்குள் இரும்புத் தகடுகள் அடுக்கியிருக்கும். அந்தத் தகடு ஓயாமல் வடக்கைத் தெற்காகவும் தெற்கை வடக்காகவும் மாற்றிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு மாற்றத்திலும் கொஞ்சம் கரண்டு சூடாகி வீணாகும். அந்த மாற்றம் தகட்டுக்குள் எப்படி நடக்கிறது, வீணாவதை எப்படிக் குறைக்கலாம் என்று தன் வயசில் பெரும்பகுதியைச் செலவழித்தார். அதில் பெரிய பேரும் வாங்கவில்லை, கெட்ட பேரும் வாங்கவில்லை. அந்த வேலைக்காக யாரும் கல் வெட்ட வரவில்லை.

முதல்முறை அவர் ஆய்வகத்தைப் பார்க்கப் போன நாள் நினைவிருக்கிறது. கல்யாணமாகி வந்த புதுசு. தாலிச் செயினில் நாலைந்து ஊக்கு கோத்துத் தொங்கவிட்டிருப்பது நம் பெண்களுக்கு வழக்கம், என் செயினிலும் இருந்தது. பெரிய காந்தத்துக்குப் பக்கத்தில் போனதும் செயின் ரவிக்கைக்குள்ளிருந்து தானாக வெளியே வந்து, என்னையும் சேர்த்து இழுத்தது. நான் அலறிவிட்டேன். மாணவர்கள் திகைத்து நிற்க, அவர் மட்டும் விழுந்து விழுந்து சிரித்தார். தன் அம்மா தாலியில் ஒரு ஊக்குகூட இருக்காது என்றார். அம்மாவும் பட்டாசுக் கம்பெனிக்குப் போனவர். அங்கே வாசலிலேயே ஊக்கு, கொண்டை ஊசி எல்லாவற்றையும் கழற்றி வாங்கிவிடுவார்கள். மருந்து இருக்கிற இடத்தில் இரும்பு உரசி ஒரு பொறி பறந்தால் போதும்.

அந்த வளர்ப்பு ஆய்வகத்திலும் அவரோடு இருந்தது. அளக்கிற பொருளில் இரும்புத் துகள் ஒட்டினால் அளவு கெட்டுவிடும் என்பதால், எஃகு இடுக்கியைக் கண்டாலே தூக்கி வீசுவார். மாணவர்களின் பெல்ட்டைக்கூடக் கழற்றச் சொல்வார். அவர் ஆய்வகம் போல் இரும்பு அண்டாத ஆய்வகம் வேறு இல்லை என்று மற்ற பேராசிரியர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

என் மாமனாருக்கும் ஒரு பழக்கம் உண்டு. மருந்து அறைக்குள் நுழையும் முன் கட்டைவிரலால் நெற்றித் திருநீற்றைத் தொட்டு, அதைக் கதவு நிலையில் ஒரு இழுப்பு இழுத்துவிட்டுத்தான் உள்ளே போவார். ஒருநாள் தவறியதில்லை, ஒரு விபத்திலும் மாட்டியதில்லை. என் கணவர் பெரிய பக்திமான் இல்லை. ஆனாலும் காலையில் குளித்ததும் திருநீறு பூசாமல் வெளியே இறங்க மாட்டார். மாரியம்மன் கோயில் திருநீற்றைத் தங்கராசு வருஷம் தவறாமல் பொட்டலம் பொட்டலமாகத் தபாலில் அனுப்புவார்.

4

ஓய்வு நெருங்குகிற காலத்தில்தான் அந்த விஷயம் அகப்பட்டது. துளிகூட இரும்பு இல்லாத, காந்தத்துக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லை என்று இருக்க வேண்டிய ஒரு மெல்லிய படலம், அவர் அளந்தபோது லேசாகக் காந்தத்தன்மை காட்டியது. திரும்பத் திரும்ப அளந்தார். இருந்தது. எழுதினார். பெரிய பத்திரிகையில் வெளியானது. மற்றவர்கள் அதற்கு அவர் பெயரையே, அதாவது என் மாமனார் பெயரை வைத்தார்கள். எந்தெந்த நாட்டிலிருந்தோ அழைப்பு வந்தது. அந்த வயசில் அவர் மாடிப்படியில் ஓடி ஏறியதைப் பார்த்தேன். ஊர்ச் செய்தித்தாளிலும் படத்தோடு வந்ததாம். தங்கராசு அதைக் கண்ணாடி போட்டு மாட்டிவிட்டுப் போன் செய்தார். அய்யா பேரு சயின்சுல ஏறிருச்சு மதினி என்று சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது.

பிறகு ஜப்பானிலிருந்து ஒருவர் மரியாதையாகக் கடிதம் எழுதினார். செய்து பார்த்தோம், எங்களுக்கு வரவில்லை, எதைத் தவறவிடுகிறோம் என்று சொல்ல முடியுமா என்று கேட்டிருந்தார். இவர் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தார். இடுக்கி, கையுறை, ஒட்டுகிற பசை எல்லாம் மாற்றினார். கடைசியில் ஒன்று மட்டும் தெரிந்தது. மாணவர்கள் வைத்து அளந்தால் காந்தம் இல்லை, இவர் கையால் வைத்தால் இருக்கிறது.

ஒருநாள் காலை குளித்துவிட்டு வந்தவர், கண்ணாடி முன்னால் கட்டைவிரலில் திருநீற்றை எடுத்தபடி அப்படியே நின்றுவிட்டார். தோசை ஆறிப்போகிறது என்று இரண்டு தரம் கூப்பிட்டேன். பொட்டலத்தை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சாப்பிடாமலே கிளம்பினார். மத்தியானமே திரும்பி வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் அடுக்களையில் உட்கார்ந்தார். புது மாதிரிப் பொருள் ஒன்றை அளக்கத் தொடங்கும்போதெல்லாம், கையுறை போட்ட கட்டைவிரலால் நெற்றியைத் தொட்டு, பிறகு அந்தப் பொருளை வைக்கிற தட்டைத் தொட்டிருக்கிறார். தான் அப்படிச் செய்வதே அவருக்குத் தெரியாது. அன்று ஆய்வகத்தில் விசாரித்தபோது, எப்போதும் பக்கத்தில் நிற்கிற மாணவி சொல்லித்தான் தெரிந்திருக்கிறது. திருநீறு செய்கிற சாணத்தில் மண் இருக்கிறது, மண்ணில் இரும்பு இருக்கிறது, எரித்தால் அது காந்தமாகிவிடுகிறது. ஒரு சிட்டிகையை அளந்து பார்த்ததும் எல்லாம் விளங்கிவிட்டது.

அன்று சாயங்காலமே தன் கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக எழுத உட்கார்ந்தார். காரணத்தை மழுப்பலாமே என்று நான் சொன்னதற்கு என்னை முறைத்தார். சாணச் சாம்பல் என்றே எழுதினார். பாராட்டியவர்கள் இருந்தார்கள், முதுகுக்குப் பின்னால் சிரித்தவர்களும் இருந்தார்கள். இன்று அந்த ஆய்வகக் கதவில், நெற்றியில் பூசுவதைக் கழுவிவிட்டு வரவும் என்று ஒரு வரி ஒட்டியிருக்கிறது. துக்கம் கேட்க வந்த துறைத்தலைவர், இதுதான் அவர் எங்களுக்கு விட்டுப்போன பாடம் என்று நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் அவருக்குக் காப்பி கலக்கப் போனேன்.

கட்டுரையைத் திரும்பப் பெற்ற பிறகு என் கணவர் திருநீறு பூசவே இல்லை. நெற்றிக்குக் கையைக் கொண்டுபோனாலே கூசுகிறது என்றார். தங்கராசு அனுப்பிய பொட்டலங்களை நான்தான் பிரித்துப் பூசிக்கொண்டேன். “தங்கராசுகிட்ட மட்டும் சொல்லிராத சரசு. அவன் அனுப்புனதாலன்னு தெரிஞ்சா தாங்க மாட்டான்” என்றார். நானும் சொல்லவில்லை.

5

தங்கராசு கல் வாசகத்தை வாசித்துக் காட்டிய அந்த வாரம் முழுக்க எனக்கு அதே யோசனைதான். கல்லில் அந்த வரி இருக்கட்டும் என்று விட்டால், தன் பெருமையைத் தானே கிழித்துப் போட்ட மனிதரின் பெயருக்குக் கீழே அதே பொய் பொன்னெழுத்தில் இருக்கும். படிக்கிற பிள்ளைகள் தினமும் அதைத் தாண்டிப் போவார்கள். இணையம் வந்துவிட்ட காலத்தில் ஒருவன் தேடிப் பார்த்துவிட்டுச் சிரித்தால் போதும். வேண்டாம் என்று சொன்னால் தங்கராசு காரணம் கேட்பார். காரணம் சொன்னால் அவர் உடைந்துபோவார். ஞாயிற்றுக்கிழமை மணி அடிக்காமல் போகும். அந்தக் கடைசிப் பயம்தான் எனக்குப் பெரிதாக இருந்தது, அதை மறைப்பானேன்.

ஹாம்பர்க்கில் இருக்கிற மகள் சுமதியைக் கூப்பிட்டேன். இங்கேயே பிறந்து வளர்ந்த வக்கீல். என்னிடம் அவள் பேசும் தமிழ், மருந்து கசந்த பிள்ளை முகம் மாதிரி இருக்கும். அப்பா இறந்த அன்று போனில் உறவுக்காரர்களிடம், ‘அப்பா செத்துப்போச்சு’ என்று சொன்னவள். அழுதுகொண்டுதான் சொன்னாள், ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. இப்போது பாதியில் ஜெர்மனுக்கு மாறி, கல்லைப் படிக்கிறவர்கள் யாரும் காந்தவியல் ஆராய்ச்சி செய்யப் போவதில்லை, சித்தப்பா சந்தோஷப்படட்டும், விட்டுவிடு என்றாள். அவள் கணக்கில் தப்பில்லை. திதிக்கு வருவாயா என்று கேட்டேன். அன்று நீதிமன்றத்தில் வேலை இருக்கிறதாம். இறந்தவருக்குப் பிறந்தநாள் மாதிரி வருஷா வருஷம் செய்ய வேண்டுமா என்று கேட்டாள். குத்தலாக இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

6

ஞாயிற்றுக்கிழமை மணி ஒருமுறை அடித்தது. அட்டையைச் சுரண்டி எண்ணை அழுத்தினேன். அந்த விளைவு வரியை மட்டும் எடுத்துவிடலாம் தம்பி, மற்றதெல்லாம் இருக்கட்டும் என்று மெல்ல ஆரம்பித்தேன். இடம் பற்றாது என்பதற்காகவா, பெரிய கல்லாகவே போட்டுவிடலாம் என்றார். இல்லை என்றேன்.

“அய்யா பேரு இருக்க வேண்டாங்கீகளா மதினி? மருந்து கலக்குனவன் பேரு காலேஜு வாசல்ல எதுக்குன்னா?”

அப்படி ஒரு எண்ணம் அவருக்கு வந்த பிறகு நான் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது. எல்லாவற்றையும் சொன்னேன். ஜப்பான்காரர் கடிதம், கண்ணாடி முன்னால் நின்றது, அண்ணன் தானே எழுதித் திரும்பப் பெற்றது, உங்களிடம் சொல்லாதே என்று கேட்டுக்கொண்டது எல்லாம் சொன்னேன். தங்கராசு இப்போது ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். தினமும் காலையில் வாசலில் நின்று ஒவ்வொரு பெண்ணிடமும் ஊக்கும் ஊசியும் கழற்றச் சொல்கிற வேலை அவருடையது.

“துன்னூத்துலயா?” என்று கேட்டார். ஆமாம், திருநீற்றில்தான் என்றேன்.

“அம்புட்டுப் பேரயும் தடவிப் பாத்து உள்ள விடுதேன். கூடப் பொறந்தவனுக்கு என் கையாலேயே இரும்பப் பொட்டலங் கட்டி அனுப்பிருக்கேன்.”

அது இரும்பு மாதிரி இரும்பு இல்லை தம்பி, யாருக்கும் தெரியாது, அவுகளுக்கே தெரியவில்லை என்று என்னென்னவோ சொன்னேன். பஸ் ஹாரன் கேட்டது. பிறகு அதுவும் கேட்கவில்லை. அட்டையில் நிறைய நேரம் மிச்சம் இருந்தது.

7

அடுத்த ஞாயிறு மணி அடிக்கவில்லை. சிக்னல் இருக்காது என்று சொல்லிக்கொண்டேன். அதற்கடுத்த ஞாயிறும் அடிக்கவில்லை. தீபாவளி சீசன், லோடு ஏற்றுகிற அவசரம் என்று நினைத்துக்கொண்டேன். பாத்திரத்தைத் தண்ணீர் சத்தம் வராமல் கழுவினேன். நானாகக் கூப்பிட்டிருக்கலாம்தான். இரண்டு தரம் எண்ணைப் பாதிவரை அழுத்திவிட்டு வைத்துவிட்டேன். எடுக்காமல் போனால் அதற்குப் பிறகு எதிர்பார்க்க ஒன்றும் இருக்காதே.

திதி அன்று சாதமும் வாழைக்காய்க் கறியும் பருப்பும் வைத்து அவர் படத்துக்கு முன்னால் படைத்தேன். காக்கைக்கு வைக்க இலையோடு பால்கனிக்குப் போனேன். கீழ்வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்து, பறவைகளுக்கு உணவு வைப்பது கட்டட விதிகளின்படி அனுமதி இல்லை என்று நினைவூட்டினாள். புருஷனுக்கு வைக்கிறேன் என்று சொல்ல எனக்கு ஜெர்மன் போதவில்லை. இலையை உள்ளே கொண்டுவந்து நானே சாப்பிட்டேன். சாப்பிடும்போது அழுகை வந்தது. யாரும் பார்க்காததால் நிறுத்தவும் இல்லை.

அன்று ஞாயிற்றுக்கிழமைகூட இல்லை. சாயங்காலம் மணி ஒருமுறை அடித்து நின்றது.

ஓடிப்போய் அட்டையைச் சுரண்டினேன். எண்ணைத் தப்பாக அழுத்தி, மறுபடி அழுத்தினேன். தங்கராசு சாப்பிட்டீகளா மதினி என்று எப்போதும்போல் ஆரம்பித்தார். விருதுநகரில் கல் திறந்து முடிந்ததாம். வந்தவர்களுக்கு எல்லாம் நல்ல சாப்பாடாம். வாசகத்தை மாற்றச் சொல்லித் தானே நேரில் போய் நின்றிருக்கிறார். தமிழாசிரியருக்குக் கோபமாம். தாயில்பட்டி கருப்பசாமி மகன் முருகேசன், காந்தவியல் பேராசிரியர் என்று மட்டும் வெட்டியிருக்கிறார்கள். அய்யா பேரு முளுசா இருக்கு மதினி என்றார். நல்லது தம்பி என்றேன்.

அவர் வைக்கவில்லை. ஆடு ஒன்று கத்திக்கொண்டே இருந்தது. பிறகு மெதுவாகக் கேட்டார்.

“மதினி, ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அது தெரிஞ்ச பெறகு, நான் அனுப்புன துன்னூற அண்ணன் பூசுனாகளா?”

“பூசுனாக தம்பி” என்றேன். “கடைசி வரைக்கும் பூசுனாக. வேலை முடிஞ்சு வந்து, குளிச்சிட்டு.”

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. ஞாயித்துக்கிளமை கூப்பிடுதேன் என்று சொல்லிவிட்டு வைத்தார்.

கல்லில் ஒரு பொய்யை இருக்க விடாதவள் வாயால் ஒன்றைச் சொல்லிவிட்டேன். என் கணவர் இருந்திருந்தால் முறைத்திருப்பார். அவர் இருந்திருந்தால் எனக்கு அந்தப் பொய் தேவைப்பட்டிருக்காது.